அலமாரியில் கிடக்கும் கல்யாணங்கள்

கல்யாண வீட்டில் சமையல்காரர் பாத்திரத்தை வண்டியில் ஏற்றும்போதே கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மண்டபத்துக்காரர் மின்சாரத்துக்கு இவ்வளவு, கூட்டிப் பெருக்கியதற்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறார். நாதஸ்வரக்காரரைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்து மரியாதையாக அனுப்புகிறார்கள். ஐயருக்குத் தட்சிணை மணையிலேயே முடிந்துவிடுகிறது. பூக்காரர், பந்தல்காரர், மேக்கப் போட்ட பெண் எல்லோருக்கும் அன்றைக்கே பைசல். போட்டோ எடுத்தவனுக்கு மட்டும், "ஆல்பம் குடுக்கும்போது பாத்துக்கலாம் தம்பி."

அந்த ஆல்பம் கொடுக்கும் நாள் எப்போது வரும் என்பதுதான் என் ஆதங்கம்.

கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அப்பா பிலிம் காலத்தில் தொடங்கிய கடை. உள்ளறையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஓர் இரும்பு அலமாரி இருக்கிறது. அதன் கீழ் இரண்டு தட்டு முழுக்க ஆல்பம். பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் அட்டையில் பொன்னெழுத்தில் பதித்து, பையில் போட்டு, ஜிப்பை மூடி, லேபிலிருந்து வந்தது வந்தபடி இருக்கிறது. இந்தத் தம்பதிகளில் சிலருடைய பிள்ளைகள் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறார்கள். பெரிய கடைத்தெருவில் எதிரே வந்தால் நின்று பேசுகிறார்கள். குழந்தையைக் காட்டி "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்கிறார்கள். "அண்ணே, ஆல்பம் வாங்கணும்ணே, இந்த வாரம் வர்றோம்" என்று அவர்களாகவே சொல்கிறார்கள். வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறினால் தாளோடு தாள் ஒட்டிக்கொள்ளும். அதனால் அலமாரியைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டு, ஒவ்வொரு பையாகத் திறந்து, ஏடு ஏடாகப் புரட்டிக் காற்றாட விடுவதும் எங்கள் வேலையாகிவிட்டது.

அதில் ஒன்றிரண்டை வாங்க இனி யாரும் வரப்போவதில்லை. அவர்கள் பிரிந்துவிட்டார்கள். அந்த வீட்டு வாசலில் போய் நின்று பாக்கி கேட்க எனக்கு வாய் வராது. அவர்களைச் சொல்லவில்லை. நன்றாகக் குடித்தனம் நடத்துகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அலமாரியில் இருப்பவை அச்சாகியாவது வந்துவிட்டன. அச்சுக்கே போகாமல் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் கல்யாணங்கள் அதைவிட அதிகம். முகூர்த்தம் முடிந்த பத்து நாளைக்குள் மொத்தப் படத்தையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். நலங்கு, பெண்ணழைப்பு, முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம் எல்லாம் சேர்ந்து நாலாயிரம் படம் வரும். நாற்பது ஷீட் ஆல்பத்துக்கு முந்நூறு படம் இருந்தால் போதும். "பாத்துட்டு நம்பர் மட்டும் குறிச்சு அனுப்புங்க, மூணு வாரத்துல டிசைன் காட்டிடுறோம்" என்று சொல்லித்தான் கொடுக்கிறோம். அதோடு அந்தப் பென் டிரைவ் பீரோவுக்குள் போய்விடுகிறது.

பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்குள் பெங்களூருக்கோ துபாய்க்கோ போயிருப்பார்கள். போன் பண்ணினால் பெண்ணின் அம்மா எடுப்பார். "எங்களுக்கு அந்த கம்ப்யூட்டர்லாம் பாக்கத் தெரியாது தம்பி. பாப்பா தீபாவளிக்கு வருது. வந்ததும் ஒக்காந்து எடுத்துடுறோம்." தலைதீபாவளிக்கு வந்த பெண்ணுக்கு நாலு வீட்டு விருந்துக்குப் போகவே நேரம் போதாது. பொங்கலுக்குக் கேட்டால் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில் கேட்டால், "பொண்ணு வீட்ல எடுத்துட்டாங்களா? மொதல்ல அவங்க எடுக்கட்டும்." பெண் வீட்டில் போய் அதைச் சொன்னால், "அவங்க பக்கம் யார் யார் முக்கியம்னு நமக்கு என்ன தெரியும்? அவங்க எடுத்துக் குடுக்கட்டும்." இரண்டு வீடும் மாற்றி மாற்றிக் கைகாட்டுவதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. யாராவது ஓர் அத்தையை, ஒரு பெரியப்பாவை விட்டுவிட்டால் அது ஆயுசுக்கும் சொல்லிக் காட்டப்படும் என்ற பயம். அந்தப் பயம் நியாயம்தான், எனக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அதற்கு விலை கொடுப்பவன் நானாக இருக்கிறேன். அப்புறம் வளைகாப்பு வரும். "தம்பி, நீங்கதான் வந்து எடுக்கணும்" என்று உரிமையோடு கூப்பிடுவார்கள். போகிறோம். வளையல் அடுக்கும் வீட்டில் நின்று பழைய பாக்கியைப் பேச முடியுமா?

நம்பர் அனுப்புகிறவர்களும் எல்லோரும் சரியாக அனுப்புவதில்லை. முந்நூறு கேட்டால் ஆயிரத்து அறுநூறு வரும். "இதுல எதையும் விட முடியலண்ணே, நீங்களே பாத்து எப்படியாவது அடக்கிடுங்க." நானே குறைத்து டிசைன் போட்டுக் காட்டினால், விட்டுப்போன படம்தான் முக்கியமான படம் என்று திரும்பி வரும். மறுபடி டிசைன். டிசைனருக்கு மறுபடி கூலி.

அப்பா காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு ரோலுக்கு 36 படம். ஒரு கல்யாணத்துக்கு ஐந்தாறு ரோல் போனால் அதிகம். பிலிமுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்டுக்குக் காசு என்பதால் அவர் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் எடுப்பார். எடுத்ததெல்லாம் பிரிண்ட் ஆகும், ஆனதெல்லாம் ஆல்பத்தில் ஏறும். தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. எல்லாவற்றையும்விட, பிரிண்ட் வந்து சேரும்வரை அந்தக் கல்யாணத்தின் ஒரு படத்தைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு வாரம் போனதும் பெண் வீட்டிலிருந்து ஆள் வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடும். "வந்துடுச்சாங்க, வந்துடுச்சாங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆவல்தான் அப்பாவுக்குப் பாக்கியை வசூல் பண்ணிக் கொடுத்தது. பணத்தை எண்ணி வைத்துவிட்டு, அங்கேயே நின்று ஆல்பத்தைப் புரட்டிவிட்டுத்தான் போவார்கள்.

இன்றைக்குத் தாலி ஏறிய அரைமணியில் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. மறுநாளே ஐம்பது படம் எடிட் பண்ணி வேண்டும், இன்ஸ்டாகிராமில் போட வேண்டும். மூன்றாம் நாள் டீசர் வேண்டும். அதை ராத்திரி கண்விழித்துச் செய்து கொடுக்கிறோம், ஏனென்றால் அது இல்லாமல் இன்றைக்கு ஒருவரும் ஆர்டர் தருவதில்லை. ஒரு வாரத்துக்குள் உறவு, நட்பு, ஆபீஸ் என்று எல்லோரும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். பசியாறி எழுந்தவருக்கு முன்னால் மறுபடி இலை போடுகிற மாதிரி ஆல்பம் போய் நிற்கிறது. அவர்களுக்கு அவசரம் தீர்ந்துவிட்டது. எனக்கு வரவேண்டிய கடைசித் தவணை அந்தத் தீர்ந்துபோன அவசரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

தொகை எவ்வளவு என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு வலிக்கும் என்று புரியும். எங்கள் ஊரில் நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றை 1,20,000 ரூபாய்க்குப் பேசுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 20,000. கல்யாணத்தன்று 70,000. ஆல்பத்தோடு 30,000. இனி செலவு. கேண்டிட் எடுப்பவருக்கு 10,000. சினிமாட்டிக் வீடியோகிராபருக்கு 12,000. ட்ரெடிஷனல் போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஆளுக்கு 5,000. டிரோனுக்கு 6,000. லைட் பிடிக்கும் பையன்கள் இருவருக்கு 3,000. வண்டி, டீசல், டீ, டிபன் 4,000. இதிலேயே 45,000 போயிற்று. டீசர், பாட்டு, முழு வீடியோ எடிட்டிங் 15,000. ஆல்பம் டிசைன் 6,000. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என இரண்டு ஆல்பம், அட்டையும் பையும் சேர்த்து லேபுக்கு 30,000. கூட்டினால் 96,000. எனக்கு மிச்சம் 24,000. கடை வாடகை, கரண்ட், கேமரா தவணை எல்லாம் அந்த இருபத்து நாலுக்குள்தான்.

அந்த முப்பதாயிரம் வராவிட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வந்தது 90,000, செலவு 96,000. இரண்டு நாள் தூக்கம் கெட்டு, இரண்டு மாதம் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து, உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என் கைக்காசு ஆறாயிரம் போட்டிருக்கிறேன். மொய் எழுதினால்கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

"ஆல்பம் அடிக்கலேன்னா அந்தச் செலவும் இல்லையே, அப்பறம் என்ன?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இருக்கிறது. மூன்று வருஷம் கழித்து வீடு கட்டிக் குடிபோகும்போது ஆல்பம் ஞாபகம் வரும். அன்றைக்கு லேபில் ஷீட் விலை ஏறியிருக்கும், அட்டை விலை ஏறியிருக்கும், டிசைனர் கூலி ஏறியிருக்கும். "அன்னைக்குப் பேசுன ரேட்டுதானே தம்பி?" என்பார்கள். அதுவரை நாலாயிரம் படத்தையும் அத்தனை வீடியோவையும் நான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 4கே வீடியோ சாதாரணமாக நாங்கள் எடுக்கும் தரத்தில் மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு கேமரா தலா ஐந்து மணி நேரம் ஓடினாலே 450 ஜிபி. ரா படங்கள் தனி. டிஸ்க் எப்போது கைவிடும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி. ஒரு கல்யாணத்துக்கு ஒரு டெராபைட் போய்விடுகிறது. ஒரு தை மாதத்துக் கல்யாணங்களுக்கு எத்தனை டிஸ்க் வாங்க வேண்டும் என்று யோசியுங்கள். எந்த வீட்டாரும் அதற்கு ஒரு ரூபாய் தனியாகக் கொடுத்ததில்லை. ஆனால் நாலு வருஷம் கழித்து, "பென் டிரைவ் கெட்டுப்போச்சுண்ணே, இன்னொன்னு போட்டுக் குடுங்க" என்று சர்வ சாதாரணமாகக் கேட்பார்கள்.

அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. ஏன் என்பதற்கு ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். ஐந்து மணி இருக்கும். போனில் ஒரு பையன், குரல் அடைத்திருந்தது. "அண்ணே, தாத்தா ராத்திரி தவறிட்டாரு. பேப்பருக்கும் பிளெக்ஸுக்கும் படம் வேணும். அக்கா கல்யாணத்துல பட்டு வேட்டியில நிப்பாருல்ல, அது இருக்கா?" அவர்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு போன் இருந்தது. எந்தப் போனிலும் தாத்தாவின் முகம் நேராக, தெளிவாக இல்லை. குழந்தைக்குப் பின்னால் பாதி, கேக்குக்குப் பின்னால் பாதி. நான் கடையைத் திறந்து டிஸ்கைத் தேடி எடுத்தேன். வாசலில் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடி, துண்டைச் சரிசெய்துகொண்டு, யாரோ வருவதைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறார். பின்னணியை எடுத்து, நிறம் சரிபண்ணி, ஆறு மணிக்குள் அனுப்பினேன். ஊர் முழுக்க கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் அந்தப் படம்தான் நின்றது. இன்றைக்கும் அவர்கள் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கிறது. அக்கா கல்யாணத்து ஆல்பத்துக்கு அவர்கள் அன்றுவரை படம் எடுத்துக் கொடுக்கவில்லை, பாக்கியும் தரவில்லை. அந்தக் காலையில் அதைக் கேட்கிறவன் மனுஷன் இல்லை. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகாவது அவர்களுக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா?

போனிலேயே நல்லா விழுதே என்பார்கள். உண்மை. வெளிச்சமான இடத்தில் நின்று சிரித்தால் நல்ல போனில் நன்றாகத்தான் விழும். முகூர்த்த மேடை அப்படி இல்லை. காலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் முகூர்த்தம். முன்னால் ஹோமப் புகை. பின்னால் அலங்காரத்துக்கு வைத்த மஞ்சள் விளக்கு, பக்கத்தில் நிறம் மாறிக்கொண்டே இருக்கிற எல்இடி சுவர். ஐயர் கெட்டிமேளம் என்று கை தூக்குகிறார், தவில் இறங்குகிறது, அட்சதை பறக்கிறது. மாப்பிள்ளை முதல் முடிச்சு போடுகிறார். நாத்தனார் விளக்கோடு பின்னால் வந்து அடுத்த இரண்டு முடிச்சு. நாலைந்து வினாடிக்குள் முடிந்துவிடும். மறுபடி கேட்க முடியாத ஒரே காட்சி அதுதான். அந்த நேரத்தில் பெண்ணின் முகத்துக்கும் என் லென்சுக்கும் நடுவில் இருபது கைகள் போனோடு உயர்கின்றன. ஓரமாக இருந்த சித்தப்பா சரியாக அந்த நேரம் எழுந்து முன்னால் வருகிறார். "கொஞ்சம் ஒக்காருங்க சார்" என்றால், "நீ தள்ளி நில்லுப்பா, ரெண்டு நாளா நீதானே மறைக்கிற" என்று எல்லோர் எதிரிலும் சொல்கிறார்கள். ஆல்பம் வந்த பிறகு, "தாலி கட்டுற படத்துல பொண்ணு மூஞ்சி சரியா தெரியலியே" என்று கேட்பதும் அவர்கள்தான். அதைச் சொல்லியே பாக்கியில் ஐந்தாயிரம் பிடித்துக்கொண்ட வீடும் உண்டு.

என் பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு மேக்கப் ஆரம்பிக்கும் இரண்டரை மணிக்கு அவர்கள் மண்டபத்தில் இருப்பார்கள். முந்தின ராத்திரி ரிசப்ஷன் முடித்துக் கேமராவை உறையில் போடும்போது பதினொன்று தாண்டியிருக்கும். பேட்டரி சார்ஜ் போட வேண்டும், கார்டை டிஸ்கில் இறக்க வேண்டும். மண்டபத்தில் போட்டோகிராபருக்கென்று ஓர் அறையோ பாயோ கேட்டால், "ஸ்டோர் ரூம்ல படுத்துக்கங்க" என்கிறார்கள். காய்கறிக் கூடைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் லட்சக்கணக்கான ரூபாய் சாமானைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குக் கடைசிப் பந்தி. அப்பளம் தீர்ந்திருக்கும், பாயசம் தீர்ந்திருக்கும், உட்காரும்போதே பின்னால் வாளி கழுவும் சத்தம் கேட்கும். சில வீடுகளில் மட்டும் பெரியவர் யாராவது தேடி வந்து, "தம்பிங்களா, மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் எடுக்கலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். அந்த வீட்டுக்காக என் பையன்கள் கூடுதலாக இரண்டு மணி நேரம் நிற்பார்கள், கேட்காமலே.

இத்தனை கல்யாணம் எடுக்கிற இந்தப் பையன்களுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். "போட்டோ எடுக்குறாரா, நெரந்தர வருமானம் இல்லையே" என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் மனசு நொந்துதான் ஒருவன் போன வருஷம் திருப்பூருக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். நல்ல கண் உள்ளவன். மழை நேரத்து வெளிச்சத்தில் அவன் எடுத்த ஊஞ்சல் படங்களை நான் இன்னும் புதுப் பையன்களுக்குக் காட்டுகிறேன்.

நிரந்தர வருமானம் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆடியில் கல்யாணம் இல்லை. மார்கழியில் இல்லை. புரட்டாசியில் பல வீடுகளில் இல்லை. அந்த மாதங்களில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் வந்தால் அது கைகொடுக்கும். அவை நட்சத்திரம் பார்த்து நடப்பவை, மாதம் பார்ப்பதில்லை. மற்றபடி வாடகை மட்டும் ஓடும். தையும் வைகாசியும் ஆவணியும் வந்தால் ஒரே முகூர்த்தத்தில் நாலு கல்யாணம் வந்து நிற்கும், ஆளும் கிடைக்காது, கேமராவும் போதாது. கேமரா விலையோ வேறு கதை. நல்ல முழு பிரேம் பாடி ஒன்று இரண்டு லட்சத்தை ஒட்டி. அதற்கு ஏற்ற 24-70 லென்ஸ் ஏறக்குறைய இன்னொரு பாடியின் விலை. 2012-ல் கேனான் 5டி மார்க் 3 வந்தபோது கடன் வாங்கி அதை எடுத்தோம், அதற்கேற்ப லென்ஸ்களும் சேர்த்தோம். மிரர்லெஸ் வந்த பிறகு, "இன்னும் அந்தப் பழைய கேமராதானா?" என்று மாப்பிள்ளையே கேட்கிறார். படம் எப்படி இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. மறுபடி கடன், மறுபடி தவணை. வங்கி ஆடி மாதம் என்று விட்டுக்கொடுப்பதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றானபோது, வாங்கியிருந்த அட்வான்சைப் பலருக்குத் திருப்பிக் கொடுத்தோம். அப்போதும் பழைய பாக்கியைக் கொண்டுவந்து, "இந்தாங்க தம்பி, கஷ்டமான நேரம்" என்று கொடுத்தவர் ஒரே ஒருவர். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார்.

இப்போது நான் ஒரு தாளில் எழுதி வாங்குகிறேன். எத்தனை மணி நேரம், எத்தனை படம், எத்தனை ஷீட், எந்தத் தேதிக்குள் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், டிஸ்கில் எவ்வளவு காலம் வைத்திருப்போம், படத்தை எங்கள் விளம்பரத்தில் போட உங்களுக்குச் சம்மதமா என்று ஒரு பக்கம்தான். இது எனக்காக மட்டும் இல்லை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. உங்கள் வீட்டுப் பெண்ணின் படம் உங்களைக் கேட்காமல் விளம்பரத்தில் வராது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. ஆனால் தாளை நீட்டியதும் முகம் மாறுகிறது. "என்ன தம்பி, நம்ம குடும்பத்து மேல நம்பிக்கை இல்லியா? ஒங்க அப்பா இப்படியெல்லாம் கேட்டதே இல்லியே." அப்பா கேட்கத் தேவை இருக்கவில்லை. மண்டபத்தில் இதே வீட்டார் மூன்று பக்க நிபந்தனையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஆணி அடித்தால் அபராதம், பத்து மணிக்கு மேல் பாட்டு வைத்தால் அபராதம் என்று அதில் இருப்பதையெல்லாம் ஒத்துக்கொள்கிறார்கள். அங்கே வராத மனவருத்தம் ஒரு பக்கத் தாளுக்கு ஏன் வருகிறது?

சிலர் தாளைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அங்கே வாடகைக் கேமரா எடுத்து நாற்பதாயிரத்துக்குச் செய்து தருகிற பையன் இருப்பான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அவனுக்கும் அந்த நாற்பதில் பத்து பாக்கி நிற்கும். இரண்டு வருஷத்தில் கேமராவை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவான். போகும்போது ஹார்ட் டிஸ்க்கும் அவனோடு போய்விடும். உங்கள் கல்யாணமும்.

எங்களிடம் பாக்கி வைத்திருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஏமாற்ற வேண்டும் என்று ஒருவரும் வைக்கவில்லை. கடன் வாங்கித்தான் பலர் கல்யாணமே செய்கிறார்கள், அது எங்களுக்குத் தெரியும். கையில் இல்லை என்றால், இந்த மாதம் ஐந்து, அடுத்த மாதம் ஐந்து என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். சொல்லாமல் இருப்பதும், போனை எடுக்காமல் இருப்பதும், தெருவில் பார்த்தால் "வர்றோம்ணே" என்று போய்விடுவதும்தான் எங்களை அரிக்கிறது. சமையல்காரருக்கு எப்படியோ புரட்டிக் கொடுத்துவிட்டீர்கள். அவர் அரிசி வாங்கினார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நாங்களும் லேபுக்குப் பணம் கட்டித்தான் தாள் வாங்குகிறோம், பையனுக்குக் கூலி அன்றன்றைக்குக் கொடுத்துத்தான் கூட்டி வருகிறோம். அது மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை?

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது பீரோவுக்குள் ஒரு பென் டிரைவ் கிடந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை டிவியில் சொருகுங்கள். இப்போது வருகிற டிவிகளில் பெரும்பாலும் அதற்கு இடம் இருக்கிறது, கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். பிடித்த படம் வரும்போது அதன் கீழே தெரிகிற நம்பரை ஒரு நோட்டில் குறியுங்கள். முந்நூறு வந்ததும் நிறுத்துங்கள். இரண்டு மணி நேர வேலை. சம்பந்தி வீட்டுக்கு யார் யார் வேண்டும் என்று அவர்களிடம் ஒரு இருபது நம்பர் மட்டும் கேட்டு வாங்கிச் சேருங்கள். அந்த நோட்டைப் போட்டோ எடுத்து உங்கள் போட்டோகிராபருக்கு அனுப்புங்கள். ஆல்பம் ஏற்கனவே தயாராக இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால், பாக்கியை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வாருங்கள். மொத்தமாக இல்லாவிட்டால் இருப்பதைக் கொண்டுபோங்கள். கடை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும்.